வரிசை 2216

குடும்ப உறுப்பினர்: 41.
கட்டம் சிவந்து நின்றது.
இருபதுக்கு மேல் எதையும் நம்பாதே என்று
அதற்குச் சொல்லி வைத்தவன் நான்தான்.

இஸல்தீன் கணக்கெடுத்த வரிசை.
புழுதியில் கீறிப்போன திரையில்
அவன் பெருவிரல் எங்கும் வழுக்கும்.
போன வாரம்
நூற்றுப் பன்னிரண்டு வயதுக் கைக்குழந்தை ஒன்று
தட்டம்மை ஊசிப் பட்டியலில் ஏறியது.
முகாமில் முக்கால்வாசிப் பேர்
ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்;
பிறந்த நாள் தெரியாதவர்களுக்குப்
படிவமே கொடுக்கும் பொது நாள் அது.

41-ஐ 4 ஆக்க ஒரு நொடி.
ஆக்கினேன்.
அதன்பின் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை
என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இறங்கியது.
ஜெனரேட்டர் நின்றுபோனதால்தான்
மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

சி பகுதி, மணலாற்றுக்கு அப்பால், கூடாரம் 118.
அங்கிருந்து பார்த்தால் தார்ஃபூர் தெரியும்.
தெரிவது என்றால்,
இங்கே இருக்கும் அதே முள்மரம், அதே மண்.

மூன்று தார்ப்பாய்களை ஒன்றாய்த் தைத்திருந்தாள்.
பெயர் கிஸ்மா. வயது பத்தொன்பது, ஜனவரி ஒன்று.
உள்ளே முதலில் கால்களைத்தான் பார்த்தேன்.
ஒற்றைச் செருப்புக் கால்கள்,
துணி சுற்றிய கால்கள்,
உறக்கத்திலும் நடந்துகொண்டிருந்த ஒரு சிறிய கால்.

நான் சாட் நாட்டின் தெற்கத்தியான்,
என் அரபி மூந்து சந்தையில் பொறுக்கியது.
அவளுக்கும் அது தாய்மொழி இல்லை.
விரல்களால் பேசிக்கொண்டோம்.

இவர்கள் யார் பிள்ளைகள்?
தெருவைச் சொன்னாள்.
ரொட்டிச் சூளையில் தொடங்கிக் கிணறு வரை,
கதவு கதவாக, கதவுக்கு இத்தனை பேர் என்று.
கதவைத் திறந்துவிட்ட பெரியவர்களைப் பற்றி
படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது.
தாண்டிவிட்டேன்.

குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?
துணை, மகன், மகள், பெற்றோர், மற்றவை.
மற்றவை, மற்றவை, மற்றவை என்று
முப்பத்தாறு முறை அழுத்தினேன்.
உன்னோடு முப்பத்தேழுதானே வருகிறது?

நான்கு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள்,
அடுப்பில் கஞ்சி இருக்கிறது என்பதுபோல.
எப்போது புறப்பட்டார்கள்?
எங்களோடுதான்.

திரும்பி வந்து 41 என்றே எழுதினேன்.
வரைபடத்தில் அவளுடைய தூண்
கூரையை முட்டியது.
மற்றக் குடும்பங்கள் எல்லாம்
அதன் அடியில் புல்லாகிவிட்டன.
தலைநகரிலிருந்து சோலாஞ் கூப்பிட்டாள்:
படம் அசிங்கமாக இருக்கிறது, நாஜிலெம்,
சராசரியை எடுத்துவிட்டு இடைநிலை அளவைப் போடு,
நன்கொடையாளர்கள் வியாழக்கிழமை பார்க்கிறார்கள்.

போட்டேன்.
இடைநிலை அளவு ஐந்து.
கிஸ்மாவிடம் நான்கு பேர் இருந்தாலும் ஐந்து,
நாற்பத்தொரு பேர் இருந்தாலும் ஐந்து,
ஊரே இருந்தாலும் ஐந்து.
பாடப்புத்தகத்தில் அதன் சிறப்பே அதுதான்:
எதற்கும் அசையாது.

சோளத்துக்கான அட்டையை
முப்பத்தேழு பேருக்கு அடித்தேன்.
வராதவருக்கு அளக்க எனக்கு அதிகாரமில்லை.
வராதவரை அழிக்க மட்டும் இருக்கிறது.
அந்த நான்கு வரிகளில் பெயர் உண்டு, வயது உண்டு,
ஒருத்திக்கு இடது கையில் தழும்பு என்ற குறிப்பும் உண்டு.
வந்த தேதி காலி.

மழை பிடித்துவிட்டது.
மணலாற்றில் தண்ணீர் ஓடுகிறது,
கழுதைகள்கூட இறங்குவதில்லை.
காலையில் கணினியைத் திறந்ததும்
மென்பொருள் மரியாதையோடு கேட்கிறது:
நான்கு பதிவுகள் முழுமையாகவில்லை,
நீக்கவா, பிறகு நினைவூட்டவா?

பிறகு என்பதை அழுத்திவிட்டு
இஸல்தீனுக்குப் புதுத் திரை கேட்டு
மறுபடியும் ஒரு கடிதம் எழுதத் தொடங்குகிறேன்.