பத்து, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், ஐந்து

சிறுசேரி. இரவு இரண்டு நாற்பது.
தரையின் துளைகளிலிருந்து குளிர் மேலே வீசுகிறது.
ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.
வெளியே மே மாதம்.

எபனேசர் எழுதிய பிளக்-இன்னை இன்று கழற்ற வேண்டும்.
அவன் வேலையை விட்டு ஒன்பது மாதம்.
நிரலின் நடுவில் ஒரு குறிப்பு வைத்துப் போயிருக்கிறான்:
"இந்த வரி எதற்கென்று எனக்கே தெரியாது.
எடுத்தால் விழும்."

ஒரே கம்பி. அதற்குள்
இல்லாத கம்பிகள் நாலாயிரம்.
காசிமேட்டு இறால் ஏற்றுமதிக்கும்
பெரம்பூர் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கும்
முகவரி ஒன்றேதான்: பத்து, பூஜ்ஜியம், பூஜ்ஜியம், ஐந்து.
ஆறு வருஷமாய் ஒரே பெட்டியில் குடித்தனம்,
ஒருவர் இருமல் இன்னொருவருக்குக் கேட்டதில்லை.
நடுச்சுவர், எபனேசர்.

பழையது இறங்கியது. புதியது ஏறியது,
அந்த ஒரு வரி இல்லாமல்.
"ஐந்து யார்?" என்றது ஒரு பொட்டலம்.
நான், என்றது ஒன்று.
நான், என்றது இன்னொன்று.

மூன்று நொடி.
யாருடைய சர்க்கரை அளவோ
ஐஸ் பெட்டிக் கணக்கில் எட்டிப் பார்த்திருக்கலாம்.
இறாலின் எடை யார் ரத்தத்திலாவது ஏறியிருக்கலாம்.

வரியைத் திரும்ப எழுதினேன், எழுத்துக்கு எழுத்து.
சுவர் நின்றது.
அவன் குறிப்புக்குக் கீழே சேர்த்தேன்:
"எனக்கும்தான்."

"பாதிப்பு?" படிவம் கேட்கிறது.
"இல்லைன்னு போட்டுடு, எவன் பாத்தான்"
கொட்டாவிக்குள்ளிருந்து ஜுபைதா.

மூன்று, என்று அடித்தேன்.
எதில் மூன்று என்று
ஒரு பட்டியல் திறக்கிறது.
நாள், மணி, நிமிடம்.
அதில் நொடியே இல்லை.