வியாழக்கிழமைக் கணக்கு

மேக்கரை போகிற சாலையில் இடப்பக்கம்
இருநூற்றுப் பதினோரு மாமரம்.
குத்தகை மசூது முதலாளிக்கு,
காவல் பூலுடையாருக்கு,
செத்த ஈயை எண்ணுவது எனக்கு.

தண்ணீர் பாட்டிலில் நாலு துளை.
உள்ளே கம்பியில் தொங்கும்
தீப்பெட்டி அளவு பலகைத்துண்டு.
அது குடிக்க ஒரு கலவை:
சாராயம் ஆறு பங்கு,
வாசனை எண்ணெய் நாலு,
விஷம் ஒன்று.
தோட்டக்கலை ஜான்சி மேடம்
சீட்டில் எழுதித் தந்தார்.
பூலுடையார் முதல் வரியை மட்டும்
மூன்று முறை வாசித்தார்.
அந்த வாரம் பலகைகள்
கொஞ்சம் உலர்ந்தே தொங்கின.

"ஆண் ஈ மட்டுந்தான்க்கா வரும்."
அப்போ பொம்பளை?
"அது காய்க்குப் போகும்."

போகும்.
பின்பக்கத்து ஊசியால் தோலில் ஒரு குத்து.
வெளியே கடுகளவு புள்ளி,
அதுவும் பார்க்கத் தெரிந்தவர் கண்ணுக்கு.
நயினார்குளம் மார்க்கெட்டில்
யாரோ ஒருவர் ருசி பார்க்கப் பிளக்கும்போது
வெள்ளையாய்ச் சுருண்டு துள்ளும்
நாங்கள் விலை போடாத சரக்கு.
லாரி வாடகை போக
மீதிப் பெட்டிகள் வசவோடு திரும்பும்.

சாரல் விழுந்தால் குற்றாலத்துக்குச் சீசன்,
எங்களுக்கு ஈ.
கணவாய்க் காற்றில் நீலம் காம்பு நனைகிற வாரம்
பாட்டில் அடியெல்லாம்
தவிட்டு நிறத்தில் நிறையும்.

வியாழன்தோறும் தாளை விரித்துக் கொட்டி
ஈர்க்குச்சியால் பத்துப் பத்தாய் ஒதுக்குவேன்.
கண்ணாடிச் சிறகு, முதுகில் மஞ்சள் கோடு,
குளவி வீட்டில் பெண்ணெடுத்தவன் மாதிரி மிடுக்கு.
பாட்டில் நாலு: எண்பத்தாறு.
பாட்டில் ஐந்து: நூற்று நாற்பது.
பாட்டில் பதினொன்று: குரங்கு கொண்டுபோயிற்று.
பாட்டில் பன்னிரண்டு: இருநூற்று ஒன்பது, ஒரு பல்லிக்குட்டி.
பல்லியை எந்தக் கட்டத்தில் எழுத?

"கூடுதா கொறையுதா ஆவுடைத்தங்கம்?"
முதலாளிக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.
கூடினால், ஈ பெருகிவிட்டதென்று முகம் வாடும்.
குறைந்தால், மருந்து ஆறிப்போச்சென்று
போனை எடுப்பார்.
நல்ல எண் எதுவென்று
இன்னும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஓர் ஆண் தப்பினால் என்ன ஆகும் மேடம்?
அவர் பைக்கை உதைத்துக்கொண்டே சொன்னார்:
"அதுக்குத்தான் விழுந்த பழத்தைப் பொறுக்கி
ரெண்டடிக் குழியில மூடச் சொன்னேன்.
பாட்டில் பாதி வேலை, மம்பட்டி பாதி வேலை."
பூலுடையார் ஓரடி தோண்டிவிட்டு
மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
பழத்தை விட்டிறங்கிய புழு மண்ணுக்குள் கூடு கட்டி
ஈயாக எழுந்து வரும் என்கிறார்கள்.
மீதி ஓரடியை நான் தோண்டினேன்.
அதற்குக் கூலி பேசவில்லை.

அந்த எண்ணெயின் வாசம்
துளசியிலும் கொஞ்சம் உண்டாம்.
பண்பொழிப் பூக்கடையில் துளசிக் கட்டைச் சுற்றி
ஏதாவது பறந்தால்
இப்போதெல்லாம் நின்றுவிடுகிறேன்.
"என்ன வேணும்க்கா?"
ஒன்றும் வேண்டாம்,
ஆணா என்று பார்க்கிறேன்
என்று எப்படிச் சொல்ல.

கையுறை கிழிந்து பத்து நாளாயிற்று.
சோப்பு, சாம்பல், எலுமிச்சைத் தோல்,
எதற்கும் போகவில்லை வாசம்.

நேற்று செங்கோட்டை பஸ்ஸில்
ஜன்னல் வழியே வந்த ஒன்று
என் வலக்கை ஆள்காட்டி விரலில் உட்கார்ந்தது.
மஞ்சள் கோடு இருந்தது.
விரலை நக்கியது, நகர்ந்து மறுபடி நக்கியது,
ஊரில் இதைவிட வேலை இல்லாததுபோல.
"அடிங்க, அடிங்க" என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
இத்தனை வாரத்தில்
உயிரோடு ஒன்றை இவ்வளவு கிட்டத்தில்
நான் பார்த்ததில்லை.

கண்டக்டர் வந்தார்.
மகளிர் கட்டணமில்லாச் சீட்டை
இடது கையால் வாங்கிக்கொண்டேன்.