நாற்பது எண்ணுவதற்குள்

பர்மிங்ஹாமில், ஆஸ்டன் பக்கம்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.
துத்தநாகத் தொட்டிக்கு மேலே ஒரு விளக்கு,
தொட்டிக்கு முன்னே ஒரு முக்காலி,
முக்காலியில் நான், ஹெஸ்டர் காஸேஜ்.
உன் வேலையைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பது
என் வேலை, ஜாபெஸ் டிரான்டர்.

நீ அடுக்கியவை ஐயாயிரத்துச் சொச்சம் குழாய்கள்.
பென்சில் பருமன்கூட இல்லாத பித்தளை,
இரு முனையும் அறுகோணமாய் விரிந்து
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து
உருகிய ஈயத்தில் முகம் கழுவி எழுந்தவை.
தேனடை என்கிறார்கள்.
எந்தத் தேனீயும்
இத்தனை கெட்ட வார்த்தை சொல்லிக் கட்டியிருக்காது.

மேலே போர்த்தும் கூடு ஜெர்மன் வெள்ளி.
முகப்பை நேராக அடித்தால்
பார்க்கிறவனுக்குக் குழிந்து தெரியுமாம்.
அதனால் மயிரிழை புடைக்க அடிப்பாய்.
அளவுகோலுக்குக் கோணல், வாங்கும் பிரபுவுக்கு நேர்.
அதைப் பற்றி நீ பேச ஆரம்பித்தால்
என் தேநீர் ஆறிப்போகும்.

தொட்டிக்கு அழகு தெரியாது.
வாய்களை ரப்பர் தக்கையால் அடைப்பேன்.
ஒரு வாயில் மட்டும் காற்றுக் குழாய்.
வில்ஃப் மிதிப்பான்; முள் எட்டைத் தொடும்.
முக்கிவிட்டு நாற்பது எண்ணுவேன்.
மற்றவர்கள் இருபதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
லண்டன் கண்காட்சிக்குப் போகவேண்டியது வந்தது.
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு,
முப்பத்து மூன்றில்
கடுகளவு ஒரு குமிழி
அவசரமே இல்லாமல் மேலே வந்து
விளக்கின் பிம்பத்தை உடைத்தது.

"பத்தொன்பதாம் வரிசை" என்று
நீல பென்சிலால் கோடு போட்டேன்.
மேஸ்திரி ஸ்கிட்மோர் ரயில் நேரம் சொன்னார்.
நீ ஒன்றும் சொல்லவில்லை. தூக்கிக்கொண்டு போனாய்.
திருப்பி வந்த வேலைக்குக் கூலி கிடையாது,
தடவைக்கு ஒன்பது பென்ஸ் நட்டம்.

திரும்பி வந்தது. குமிழி வந்தது.
மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது.
நான்காம் முறை
மூக்கு நனையக் குனிந்து பார்த்தேன்.
குமிழி வரிசையிலிருந்து எழவில்லை.
என் தக்கையின் ஓரத்திலிருந்து
ஊசிமுனை வெடிப்பு வழியாக
வெளியேறி, கூட்டின் புடைப்பில் தவழ்ந்து,
உன் பத்தொன்பதாம் வரிசைக்கு நேரே
மேலே கிளம்புகிறது.

தக்கையை மாற்றினேன்.
நாற்பது. எண்பது. நூற்றிருபது.
தண்ணீர் தூங்கியது.
வில்ஃப் என்னைப் பார்த்தான்.
நான் பேரேட்டைப் பார்த்தேன்.
'கசிவு: சோதனைக் கருவியில்' என்று எழுதினேன்.
யாருடைய கருவி என்று எழுதக் கட்டம் இல்லை.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும்
இரண்டு ஷில்லிங் மூன்று பென்ஸை
உன் பட்டறை மேசையில்,
பற்றாசுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.
மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.
நாலு வருஷமாக உன்னிடம் 'கசிகிறது' என்பதைத் தவிர
நான் வேறு எதுவும் சொன்னதில்லையே.

நீ எண்ணினாய்.
ஒன்பது பென்ஸைப் பிரித்து
என் பக்கம் தள்ளினாய்.
"இரண்டாம் தடவை சுட்டபோது
பக்கத்து இணைப்பு விட்டுப்போச்சு.
மூன்றாவது ஓட்டை நான் போட்டது" என்றாய்.

யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.
என் குமிழிக்குப் பின்னால்
உன் குமிழி ஒளிந்தே போயிருக்கும்.

கூட்டின் உட்புறம், தண்ணீர் மட்டுமே தொடும் இடத்தில்,
நீ எப்போதும் பொறிக்கும் ஜே. டி.
அதில் மட்டும் பக்கத்திலேயே
உளி தடுமாறிய ஒரு ஹெச் இருக்கிறதாம்.
வில்ஃப் சொல்கிறான்.
நான் எட்டிப் பார்ப்பதற்குள்
வைக்கோலில் சுற்றி லண்டனுக்கு ஏற்றிவிட்டார்கள்.

திங்கள் காலை முதல் ரேடியேட்டர் உன்னுடையது.
முக்கினேன். நாற்பது எண்ணினேன்.
தக்கையைப் பார்த்தபடி
இன்னொரு நாற்பது.