தொய்வு

பதினாறு வருஷமாக மின்கம்பம் ஏறுகிறேன்.
கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டமாட்டோம்.
மார்கழியில் சுருங்கும், சித்திரையில் தொங்கும்.
கணக்குப் பார்த்துக் கொஞ்சம் தொய்வு விடுவோம்.

ரூத்தை முதன்முதலில் அக்குளில் கைகொடுத்துத் தூக்கியபோது
நழுவினாள்,
கொடியிலிருந்து ஈரத்துண்டு நழுவுவதுபோல.
யார் கணக்கு இது என்று கேட்டேன்,
சத்தமில்லாமல்.

இருபத்தொன்றாவது குரோமோசோம்
இரண்டுக்குப் பதில் மூன்று.
அந்தத் தாளை லேமினேட் செய்து
ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்திருக்கிறாள் ஸ்டெல்லா.

எழும்பூரில் டாக்டரிடம் கேட்டேன்:
லைன்ல ஃபால்ட்டா மேடம், ட்ரான்ஸ்ஃபார்மர்லயா?
அவர் சிரிக்கவில்லை.
சதை அறுந்துபோகவில்லை என்றார்.
சும்மா கிடக்கும்போதும் தசைக்குள் ஒரு விழிப்பு இருக்கணும்,
அதைச் சொல்லி அனுப்பும் மூளையின் குரல்
இவளுக்கு மெலிந்து வருகிறது.
சிறுமூளையும் சற்றுச் சிறியது.
மூட்டைப் பிடிக்கும் நார்கள் இளக்கம்.
தைராய்டு பார்த்தாச்சு, இதயம் பார்த்தாச்சு.
மிச்சம்?
மிச்சம் எங்களுக்கே முழுசாத் தெரியாதுங்க.

அந்த வார்த்தைக்கு அப்புறம்தான்
அவரை நம்பினேன்.

கிரகணத்தன்று காசிமேட்டு மணலில்
இடுப்புவரை புதைத்து வை, கால் வந்துடும்
என்றாள் எதிர்வீட்டு மரகதம்.
ஸ்டெல்லா காலண்டரைப் புரட்டினாள்.
நான் செருப்பை மாட்டிக்கொண்டு
வியாசர்பாடி மேம்பாலம்வரை நடந்து வந்தேன்.
காலண்டர் ஆணியில் திரும்பத் தொங்கியது.
அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

போர்வையைச் சுருட்டி
அதன்மேல் கவிழ்த்துப் போடணும், தினம் மூன்று வேளை.
மூக்கு பாயில் பதியும்.
அழுவாள். அழவும் அவளுக்குப் பலம் வேண்டும்,
பாதியில் விட்டுவிடுவாள்.
இறுக்கம் வேறு, பலம் வேறு,
முதலாவதை நாம் கொடுக்க முடியாது,
இரண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமா வளர்க்கலாம் என்பார்
பிசியோ ரெஹானா.

நேற்று ராத்திரி பத்தரைக்குக் கரண்ட் போனது.
என் ட்யூட்டி இல்லை.
ஆனாலும் ஏழு பேர் போனில் திட்டினார்கள்.
டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு
எட்டாவது ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஸ்டெல்லா என் முழங்கையைக் கிள்ளினாள்.

வெளிச்சத்தைப் பார்க்க
ரூத் தலையைத் தூக்கியிருந்தாள்.
கழுத்து நடுங்கியது, எச்சில் வழிந்தது,
நாக்கு வெளியே.
ஸ்டெல்லா உதட்டுக்குள் எண்ணினாள்.
நான்கு. ஐந்து.
போனில் அந்த ஆள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்.
ஒன்பது. பத்து.
பதினொன்றில் மின்விசிறி கிர்ரென்றது,
தலை பாயில் சாய்ந்தது.
தெரு முழுக்க ஹேய் என்று கூவியது,

கரண்ட்டுக்குத்தான்.