கௌரவத் தோற்றம்

ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு
பள்ளத்தூர் வீட்டை டிவியில் காட்டினார்கள்.
எட்டே முக்காலுக்கு முதல் போன்.

சென்னையிலிருந்து சாத்தப்பன் அண்ணன்:
"காமெடி என்றார்கள், எனக்குச் சிரிப்பே வரலை.
புதையல் தேட ஏழு நடிகர் எதுக்கு?
ஒருத்தன் வாறான், கதவைத் தள்ளுறான், போறான்.
அடுத்தவன் வாறான், அதே கதவைத் தள்ளுறான்.
அதுக்கு ஒரு கைதட்டல்."
கதவு நன்றாக வந்திருந்தது என்றேன்.
"வராம என்ன,
பாலிஷ் போட்டதில் என் பங்கு ரெண்டாயிரத்து நானூறு."

பினாங்கில் நடுராத்திரி.
உமையாள் ஆச்சி தூங்காமல் பார்த்திருக்கிறார்.
பழைய வில்லன் பணியாரக் கடை போட்டு
வழி சொல்லச் சொல்ல
சட்டி கருகிப் புகைகிறதே,
அங்கே அவருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டதாம்.
"ஆனா அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு
கிணத்துக்குள்ளேர்ந்து ஏறி வருதே,
நமக்கு அந்தப் பக்கம் ஏது கிணறு?"
கிணறு தேவகோட்டையில் எடுத்தது ஆச்சி.
முகப்பில் நுழைந்தது இங்கே,
பின்கட்டில் வெளியே வந்தது அங்கே.
ஒரு தும்மலில் போய்விட்டது
முப்பது கிலோமீட்டர்.

பெங்களூரிலிருந்து வயிரவன் மகன்
குரல் பதிவாகவே ஆறு அனுப்பினான்.
குறிப்புகளில் நாலு தப்பு,
கிரிக்கெட்காரருக்கு வசனம் வரவில்லை,
"அப்புறம் அந்தச் சாவி
அந்தப் பூட்டுக்குச் சேரவே சேராது."
கெட்டிக்காரப் பிள்ளை.
அது மோட்டார் ரூம் சாவி.
பெரிதாக ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள்,
கொத்தை நான் தருவதாக இல்லை.

பால்காரச் சேவுகனுக்கு
இதுவரை வந்ததிலேயே இதுதான் உசத்தி.
கூட்டத்தில் அவன் தோள்பட்டை இரண்டு முறை வந்தது.
அவன் மாட்டுக்கு முகமே வந்தது.
மாடு ஒன்றும் சொல்லவில்லை.

இத்தனையும் பேசி முடித்து
வைக்கப் போகிற நேரத்தில்
எல்லாருக்கும் குரல் இறங்கியது.
"அது கிடக்கட்டும்...
பெட்டி எடுத்தாங்களே,
அது யாரு ரூம்?"

மேற்கு வரிசை, நாலாவது கதவு.
முப்பத்தேழு புள்ளியில் பதினெட்டாவது.
பதினொரு வருஷமாக அந்தப் பூட்டைத் துடைக்கிறேன்,
கதவுக்கு அந்தப் பக்கம் பார்த்ததில்லை.
சாவி ஈப்போவில் இருக்கிறது,
அல்லது ஈப்போவில் தொலைந்துவிட்டது.
கதவு மட்டும்தான் நம்முடையது,
உள்ளே காட்டியது சென்னையில் போட்ட செட்,
பெட்டி தெர்மோகோல்,
தூக்கும்போது அந்தக் குண்டு நடிகர் மூச்சு வாங்கியது
நடிப்பு.
சொன்னேன்.
"அதெல்லாம் சரி," என்றார்கள்,
"சும்மா ஒரு தடவை பார்த்துரு."
சும்மா என்ற சொல்லை அன்று ராத்திரி
பதினாலு பேர் வாயில் கேட்டேன்.
சிரிப்பு வரவில்லை என்ற சாத்தப்பன் அண்ணன்
மூன்று முறை.

படப்பிடிப்பு முடிந்த அன்று
வளவைக் கூட்டும்போது ஒரு தாள் கிடைத்தது.
விருந்தாளியாக வந்த யாருக்கோ
மொத்தமே ஒரு வரி வசனம்,
சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு:
"இந்தப் பக்கமா வந்தேன்,
அப்படியே ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு."
டிவியில் அந்த வரியைக் காணோம்.
வெட்டியிருப்பார்கள்.
தாள் என் அரிசி டின்னுக்கு அடியில் கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை
ஆத்தங்குடிக் கல்லைத் துடைத்த ஈரம் காயவில்லை.
முகப்பில் ஒரு கார்.
கல்யாணம் இல்லை, படைப்பு இல்லை,
ஆறு வருஷம் கழித்து
சாத்தப்பன் அண்ணன் இறங்கினார்.
வீட்டை நிமிர்ந்து பார்க்காமல்
கூலிங் கிளாஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"காரைக்குடிக்கு ஒரு வேலையா வந்தேன்.
அப்படியே ஒரு எட்டு
பார்த்துட்டுப் போலாம்னு."

நான் சிரிக்கவில்லை. சத்தியமாக.
மோட்டார் ரூம் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

நாலாவது கதவில் அவர் அதைத்
திருப்பிக்கொண்டிருக்கிறார்.
சேவுகன் மாடு கேட்டில் நின்று பார்க்கிறது.
கோட்டையூர்ப் பக்கமிருந்து
அடுத்த கார் வளைகிறது.