பத்துக்கு எத்தனை

செல்லூர், தத்தனேரி, அருள்தாஸ்புரம்.
பத்தொன்பது வருடமாக மின்வாரியத்துக்கு ரீடிங் எடுக்கிறேன்.
நாய்க்குப் பயந்தோ வெயிலுக்குப் பயந்தோ
ஒரு வீட்டுக்கும் பார்க்காமல் எண் போட்டதில்லை.
மாடிப்படிக்குக் கீழே, சைக்கிளுக்குப் பின்னால்,
குனிந்தால்தான் தெரிகிற மீட்டர்கள்.
குனிந்தால், நிமிர ஆள் வேண்டும் எனக்கு.

பெரியாஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் கேட்டார்:
வலி பத்துக்கு எத்தனை?
ஏழு என்றேன்.
சீட்டைப் புரட்டினார். மறுபக்கம்
மனநலப் பிரிவின் ஊதா முத்திரை.
பேனாவை மூடிவிட்டார்.
"எல்லாம் மனசுதாம்மா."
என் ஏழை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை.

அடுத்த கட்டடத்து டாக்டர் நம்பினார்.
"மனசு இறங்குற காலத்துல
உடம்பையும் இழுத்துக்கிட்டுத்தான் இறங்கும்" என்றார்.
ஆனால் வலி மாத்திரையின் பெயரைப் பார்த்ததும்
சிவப்பு மையில் அடித்தார்.
லித்தியத்தோடு சேராது.
ரத்தத்தில் அளவு ஏறிவிடும், கை நடுங்கும், கிட்னி போகும்.
சரி சார்.
இடுப்புக்கு ஆவது தலைக்கு ஆகாது.
பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு ஓரகத்திகளுக்கு
ஒரே அடுப்பில் சமைத்துப் போடுகிறேன்.

செபஸ்தியான் கல்லுப்பை வறுத்துத்
துணியில் கட்டி ஒற்றடம் கொடுப்பான்.
பதினொன்றுக்கு மேல் கை தளர்ந்து தூங்கிவிடுவான்.
தூங்கட்டும், பகலெல்லாம் லோடு இறக்குகிறவன்.
அதற்குப் பிறகு
தாடை, தோள்பட்டை, இடுப்பு, முழங்கால் என்று
தெரு மாறாமல் வாசல் வாசலாய் வந்து நிற்கும்.
இங்கேயும் முதல் நூறு யூனிட் இலவசம்.
மேலே போகப் போகத்தான் ரேட்டு.

போன பங்குனியில் வலி இல்லை.
துளிகூட இல்லை.
இரண்டிரண்டு படியாய் நாலு மாடி ஏறினேன்.
ஒரே நாளில் முந்நூற்றுப் பத்து வீடு.
நடுராத்திரி யானைக்கல்லில்
வாழைத்தார் இறக்குகிறவர்களை நிறுத்திவைத்து
கரண்ட் என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தேனாம்.
சீட்டுப் பணத்தைக் கொண்டுபோய்
பதினேழு வீட்டுக்கு நானே பில் கட்டினேன்,
பேர்கூடத் தெரியாத வீடுகள்.

பிறகு சித்திரை.
அழகரைப் பார்க்க ஊரே ஆற்றுக்குப் போன அன்று
சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.
வேட்டுச் சத்தம் கேட்டது.
திரும்பிப் படுக்க இடுப்பு விடவில்லை.

இன்று காலை
காலைத் தரையில் ஊன்றினேன்.
குதிகால், இல்லை.
இடுப்பு, இல்லை.
கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்,
பூட்டின வீட்டு வாசலில் நின்று
யாரும்மா உள்ள என்று
மறுபடி மறுபடி கூப்பிடுகிறவள் மாதிரி.
மணி மூன்றரை.
மோட்டார் போட்டேன். திரைச்சீலையெல்லாம் கழற்றி நனைத்தேன்.
ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாய்த் துடைத்தேன்.
காபித்தூளுக்கு இவ்வளவு வாசனை உண்டென்று
ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்லை.

ஐந்தரைக்கு எழுந்து வந்த செபஸ்தியான்
ஈரக் கம்பிகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
டாக்டர் சொல்லிக்கொடுத்த மாதிரியே
நோட்டை விரித்துக்கொண்டு கேட்கிறான்.
எத்தனை மணி நேரம் தூங்குன?

சொல்ல வேண்டும். தெரியும்.
ஒரு நாள்,
ஒரே ஒரு நாள் இந்த இடுப்போடு
தத்தனேரி மாடிகளை ஏறிவிட்டு வந்து
நாளைக்குச் சொல்கிறேன்.

"ஆறு" என்றேன்.
"வலி?"
"நாலு."

எழுதிக்கொண்டான்.