இடமிருந்து மூன்றாவது

இரவு பத்தேகால். மருதானை, ஆறாம் மாடி.
"லைட் என்ன நிறம், ஐயா?" என்கிறேன்,
இன்றைக்கு நாற்பதாவது தடவையாக.
கொட்டாஞ்சேனையிலிருந்து செபமாலை குரூஸ்
கொஞ்சம் யோசித்துச் சொல்கிறார்:
"நிறம் கேளாதேங்கோ பிள்ளை.
எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே களிமண்.
ஆமர் வீதிச் சந்தியில
ஆக்கள் கடந்தால்தான் நானும் கடப்பன்."

என் திரையில் கிடக்கும் கேள்வியெல்லாம்
நிறம்தான்.
அதை மூடிவிட்டு எண்ணத் தொடங்கினோம்.
முதலாவது நிற்குது.
இரண்டாவது விட்டு விட்டு, மின்மினி மாதிரி.
மூன்றாவது?
"அது ஓயாமல் சிமிட்டுது,
கண்ணில தூசி விழுந்தவன் போல."

அப்படியென்றால்
வெளிச்சம் வீடுவரை வந்து சேரவில்லை.
நூல் மாதிரி ஒரு வயர் இருக்கும்,
தடவிக்கொண்டே போங்கோ.
மழைத்தண்ணிக்குப் பயந்து நேற்று நகர்த்திய
பிரிட்ஜின் காலுக்குள் மடங்கிக் கிடக்கிறதாம்.
தூக்கும் முனகல். பிறகு சத்தமில்லை.

"மூண்டாவது செத்துப்போச்சு பிள்ளை!"
அது சாகத்தான் வேணும், ஐயா. ரெண்டாவது?
"ஆடாமல் நிக்குது.
அது என்ன நிறம்?"

பச்சை என்றேன்,
ஆறாம் மாடியிலிருந்து,
கண்ணால் காணாமல்.